அலமாரிக்கு அடியில் விட்ட மூலை

பில்ரே கல்யாணமாகி வொன்ஜூ என்ற ஊருக்கு வந்தபோது அவளோடு வந்த அலமாரியை நிறுத்த அந்த வீட்டில் ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. அது நாத்தனார் யொன்சிமின் அறைச் சுவர். வாசல் கதவை ஒட்டிய சின்ன அறை. புருஷன் கிசொப்பும் அவனுடன் பஸ் பட்டறையில் வேலை பார்த்தவர்களும் மூச்சு வாங்கத் தூக்கி வந்து அதை அங்கே இறக்கினார்கள். அலமாரிக் கதவெல்லாம் சிப்பி பதித்த வேலைப்பாடு. உள்ளே பில்ரேயின் அம்மா தைத்த ரஜாய்ப் போர்வைகளும் விரிப்புகளும் மேல்பலகை முட்ட அடுக்கியிருந்தன. அறையில் பாதியை அலமாரி பிடித்துக்கொண்டது.

யொன்சிம் அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தாள். அலமாரியை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்கப்பா என் ரூமுக்கு ஒரு ஆளத் துணைக்கு அனுப்பியிருக்காரு போல, அண்ணி. நல்லவேளை, குறட்டை விடறவரா தெரியல."

வந்து ஒரு நாள்கூட ஆகாத புதுப்பெண்ணிடம் இப்படிப் பேசினால் அவள் என்ன பதில் சொல்வாள்? பில்ரே தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளே எரிந்தது.

யொன்சிம் தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுக்கிற வேலையில் இருந்தாள். ஊரில் யார் வீட்டு எண் எது என்று புத்தகத்தைப் புரட்டாமல் சொல்லுவாள். எண் தெரியாமல் அழைக்கிறவர்கள்கூட "அந்த யொன்சிம் பொண்ணு இருந்தா குடுங்க" என்று கேட்பார்களாம். போரில் அப்பாவும் அதற்குப் பிந்தைய பஞ்சத்தில் அம்மாவும் போய்ச் சேர, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவள். கிசொப் பேச மாட்டான். அவனுக்கும் சேர்த்து அவள் பேசினாள். கடைக்காரனிடம் பேசுவாள், வரி கேட்டு வந்தவனிடம் பேசுவாள், பஸ் பட்டறை முதலாளியிடமே ஒரு முறை போய்ப் பேசிவிட்டு வந்தாளாம். அப்படிப்பட்ட நாக்கு வீட்டுக்குள் வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? பில்ரே வைத்த சோயாக் குழம்பில், அவள் மகள் மிரானுக்குப் பின்னிய சடையில், அவள் பிறந்த ஊர்ப் பேச்சில், எதிலும் யொன்சிமுக்கு ஒரு வார்த்தை இருந்தது. வெடுக்கென்று சொல்லிவிட்டு மறந்துவிடுவாள். பில்ரேயால் மறக்க முடிந்ததில்லை. பாத்திரம் துலக்கும்போது அதற்கான பதிலை யோசித்துக்கொண்டிருப்பாள். நல்ல பதில் கிடைக்கும்போது யொன்சிம் வேலைக்குப் போயிருப்பாள்.

குளிர் இறங்குவதற்கு முன் எல்லா வீட்டிலும் தரையைப் பார்ப்பார்கள். வெளியே அடுப்பில் துளைக்கரி, துளை போட்ட கரிக்கட்டி, எரியும், அந்தப் புகை தரைக்கற்களுக்கு அடியில் ஓடி மறுபக்கத்துப் புகைபோக்கியில் ஏறும், மேலே படுத்திருப்பவர்களின் முதுகு சூடாக இருக்கும். ஆனால் கோடை மழையில் ஊறி, பிறகு காய்ந்து, தரை வருஷத்துக்கு ஒரு இடத்திலாவது விண்டு போகும். விரிசலை மூடாமல் விட்டால் கரியின் வாயு அறைக்குள் வந்துவிடும். நிறமும் இல்லை, பெரிய வாசனையும் இல்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஊரில் யாராவது ஒருவர் காலையில் எழுந்திருக்காமல் போவார். "கேஸ் அடிச்சிருச்சு" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அவ்வளவு பழகிப்போன சாவு.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், கிசொப் யொன்சிமின் அறையில் தரைமேல் ஒட்டியிருந்த எண்ணெய்க் காகிதத்தை உரித்தான். அடுப்பில் ஈர வைக்கோலைப் போட்டு மூட்டிவிட்டு உள்ளே வந்து மண்டியிட்டுப் பார்த்தான். நடுத்தரையில் ஒரு விரிசலில் புகை கசிந்தது. வாசற்படி ஓரத்தில் இன்னொன்று. இரண்டையும் சுரண்டி, நனைத்து, சிமெண்டு குழைத்து அடைத்தான். யொன்சிம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அறையைச் சுற்றி வந்தாள். அலமாரிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இங்கயும் வருதுண்ணா. இதுக்கு அடியில, சுவரும் தரையும் சேர்ற எடத்துல."

அன்றைக்கு என்று பார்த்துக் குளிர்காலத்துக்கான முட்டைக்கோஸ் ஊறுகாய், கிம்ச்சி, போடும் நாள். முற்றம் நிறைய முட்டைக்கோஸ் உப்பில் ஊறிக் கிடந்தது. பக்கத்து வீட்டு யொங்சிக் அம்மாவும் தெருவின் மற்றப் பெண்களும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். மிரான் காய்ச்சலோடு உள்ளறையில் தூங்கினாள். அலமாரியை நகர்த்துவதென்றால் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைக்க வேண்டும். எங்கே வைப்பது? முற்றமெல்லாம் மிளகாய்ப் பொடியும் மீன் சாறும். பில்ரே ஈரக் கையோடு வாசலில் வந்து நின்று, இன்றைக்கு வேண்டாம், கிம்ச்சி முடியட்டும், அப்புறம் நகர்த்திக்கொள்ளலாம் என்றாள். அதோடு நின்றிருந்தால் ஒருவேளை கிசொப்பே அரைமணி நேரம் கழித்து யாரையாவது கூப்பிட்டு நகர்த்தியிருப்பான்.

யொன்சிம்தான் விடவில்லை. முற்றத்துப் பெண்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அந்த அலமாரியத் தொட்டா அண்ணிக்கு நோவும். ராஜா வீட்டுச் சீருல்ல? நான் புகையில படுத்துக்கறேன், அது நல்லா இருக்கட்டும்."

பெண்கள் சிரித்தார்கள். பில்ரேயின் முகம் சிவந்தது. அவள் கிசொப்பைப் பார்த்தாள்.

"விடுங்க. ஒரு ஓரம் விட்டா ஒண்ணும் ஆகிடாது. அது பின்னாடி யாரு படுக்கப் போறா?"

கிசொப் இருவரையும் பார்த்தான். பிறகு கரண்டியைத் துடைத்துச் சிமெண்டு சட்டியில் போட்டான். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, அலமாரி இருக்கும் இடம் வரைக்கும் புதுக் காகிதத்தை ஒட்டிமுடித்தான். காகிதம் பளபளவென்று மஞ்சளாக இருந்தது. பார்க்க அறையே புதிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

கிம்ச்சியைத் தாழியில் அடுக்கும்போது யொங்சிக் அம்மா குரலைத் தாழ்த்தி, இந்தப் பெண்ணை எப்படித்தான் சமாளிக்கிறாய் என்று கேட்டாள். பில்ரே முட்டைக்கோஸ் இதழ்களுக்கு நடுவில் மசாலாவைத் திணித்தபடி, "எப்பவாவது ஒரு நாள் இவ நான் சொல்றதுக்கெல்லாம் சரின்னு தலையாட்டுவா. அதப் பாத்துட்டுத்தான் சாவேன்" என்றாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கிசொப் நண்பனின் அப்பாவுக்கு அறுபது வயது நிறைந்த விருந்து என்று போனான். அடுத்த ஞாயிறு பஸ் ஒன்று மலைப்பாதையில் நின்றுபோய்ப் பட்டறையில் வரச் சொன்னார்கள். அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. யொன்சிம் மட்டும் காலையில் தலை கனக்கிறது என்று சொல்லத் தொடங்கினாள். கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து நெற்றியை அழுத்திக்கொள்வாள். பில்ரேக்கு அது காலை வேலையைத் தட்டிக்கழிக்கிற வித்தையாகத் தெரிந்தது. காது நிறைய நாளெல்லாம் கருவியை மாட்டிக்கொண்டிருந்தால் தலை வலிக்கத்தான் செய்யும் என்று யொங்சிக் அம்மாவிடம் சொன்னாள். அப்படித்தான் நம்பினாள். அதை நம்புவது வசதியாகவும் இருந்தது.

பனி விழுந்து காற்று அடங்கிப்போன ஒரு காலை. வானம் கூரைமேல் வந்து உட்கார்ந்த மாதிரி கனமாக இருந்தது. புகைபோக்கியின் புகை மேலே ஏறாமல் முற்றத்திலேயே சுற்றியது. யொன்சிம் வேலைக்குக் கிளம்பும் நேரமாகியும் வரவில்லை. பில்ரே சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். இன்றைக்கு ஒரு பிடி பிடித்துவிடுவது என்று கரண்டியோடு போய்க் கதவைத் தள்ளினாள்.

யொன்சிம் கதவுப் பக்கம் கையை நீட்டிக் குப்புறக் கிடந்தாள். ரஜாய் காலில் சிக்கியிருந்தது. தவழ்ந்து வர முயன்றிருக்கிறாள். முகம் செர்ரிப் பழம் மாதிரி சிவந்து, தூங்குகிற குழந்தை போல அழகாக இருந்தது. அந்த அழகுதான் பில்ரேயை உலுக்கியது. அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, ஒரே இழுப்பில் பனிமேல் கொண்டுவந்து போட்டாள். கிசொப் வெறுங்காலோடு ஓடிவந்தான். யொங்சிக் அம்மா, கேஸ் அடித்தவர்களுக்குக் கொடுக்கிற கைமருந்தாக, முள்ளங்கி ஊறுகாய்த் தாழியிலிருந்து சில்லென்ற தண்ணீரை மொண்டு வந்து யொன்சிமின் வாயில் ஊற்றினாள். பாதி உள்ளே போயிற்று, பாதி காதோரம் வழிந்தது. கிசொப் தங்கையை முதுகில் தூக்கிக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினான். பனியில் இரண்டு தடவை விழுந்தான். இரண்டு தடவையும் அவள் கீழே படாமல் தான் அடிபட்டு எழுந்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் இரும்புப் பீப்பாய் மாதிரி ஒரு அறைக்குள் அவளை வைத்து மூடிப் பிராணவாயுவை ஏற்றினார்கள். பில்ரே வெளியே பெஞ்சில் மிரானை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை. பிறந்த வீட்டில் புத்தர், இந்த வீட்டில் இறந்துபோன பெரியவர்களுக்குப் படையல். இரண்டு பக்கமும் வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் மதியம் யொன்சிம் கண்ணைத் திறந்தாள். அண்ணனைப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. பில்ரே குனிந்து காதைக் கொடுத்தாள்.

"அந்த முள்ளங்கித் தண்ணி நம்ம வீட்டுதா, யொங்சிக் வீட்டுதா?"

"அவங்க வீட்டுது."

"அதான பாத்தேன். உப்பு சரியா இருந்துச்சு."

பில்ரே சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறியது. தாதி வந்து வெளியே போகச் சொல்லும் வரைக்கும் அழுதாள். கிண்டலைக் கேட்டு ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

அவர்கள் வீடு திரும்புவதற்கு முன்பே கிசொப் தனியாக வந்து அலமாரியைக் காலி செய்து நகர்த்தியிருந்தான். ரஜாய்கள் உள்ளறையில் மலை மாதிரி குவிந்து கிடந்தன. பில்ரே போய்ப் பார்த்தாள். சுவர் ஓரமாக, அலமாரியின் நீளத்துக்கு, தரை சுவரை விட்டு விலகியிருந்தது. சாப்பிடும் குச்சி நுழைகிற அளவு இடைவெளி. அதற்கு மேலே சுவர்த்தாள் கருத்து ஒரு பட்டையாக ஏறியிருந்தது. அன்று மத்தியானமே கிசொப் அதை அடைத்தான். மேலே இன்னொரு பூச்சு பூசினான். காய்ந்ததும் இன்னொன்று. பில்ரே வாசலில் நின்றாள். இப்போது சொல்லுவான், நீதானே விடச் சொன்னாய் என்று கேட்பான் என்று காத்திருந்தாள். அவன் தண்ணீர் கேட்டான். கொண்டுவந்து கொடுத்தாள்.

அதற்குப் பிறகு வந்த சில வாரங்களைப் பில்ரே இன்றும் எண்ணிப் பார்ப்பாள். அவ்வளவு நன்றாக இருந்தது. யொன்சிமை அந்த அறையில் படுக்க விடவில்லை. தன் பக்கத்திலேயே பாய் போட்டுக்கொடுத்தாள். கறுப்பு எள்ளுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். யொன்சிம் ரஜாய்க்குள் உட்கார்ந்துகொண்டு, மாவட்ட அதிகாரியின் மனைவி தொலைபேசியில் எப்படி மூக்கால் பேசுவாள், துணிக்கடைக்காரர் ரகசியமாக யாரைக் கூப்பிடுவார் என்றெல்லாம் நடித்துக் காட்டினாள். பில்ரேக்கு வயிறு வலிக்கும்வரை சிரிப்பு. ஒரு நாள் யொன்சிம் சும்மா இருந்தவள், அலமாரி விஷயத்தில் தான் அப்படி எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கக் கூடாது என்றாள். பில்ரே பதறிப்போய், அதை ஏன் இப்போது எடுக்கிறாய், கஞ்சி ஆறுகிறது குடி என்று பேச்சை மாற்றிவிட்டாள். அப்போதே தன் மனசில் இருந்ததையும் சொல்லியிருக்கலாம். கேட்டுப் புரிந்துகொள்ள யொன்சிம் இருந்தாள். நாள் நிறைய இருக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

புது வருஷத்துக்கு முன்பே யொன்சிம் வேலைக்குத் திரும்பினாள்.

முதலில் சின்னச் சின்ன விஷயங்கள். அண்ணனின் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். சோற்றுப் பானையை மூடச் சொன்னால் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். குறும்பு செய்கிறாள் என்று பில்ரே நினைத்தாள். பிறகு தொலைபேசி நிலையத்திலிருந்து மேற்பார்வையாளர் அம்மாள் வீட்டுக்கே வந்தாள். யொன்சிம் ஆஸ்பத்திரி கேட்டவருக்கு மதுக்கடையைக் கொடுக்கிறாளாம். அழைப்பு வந்து பலகையில் விளக்கு எரிகிறது, அவள் கையில் இணைப்புக் கம்பியைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். கொஞ்சம் ஓய்வு கொடுங்கள் என்று அந்த அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது யொன்சிம் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுத் தோலை உரித்து, சுளையைக் கீழே போட்டுவிட்டுத் தோலை வாயில் வைத்தாள்.

டாக்டர் இளைஞர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். சிலருக்கு இப்படி ஆகும், முதலில் முழுக்கத் தெளிந்த மாதிரி இருக்கும், சில வாரம் கழித்து மூளைக்குள் போன சேதம் வெளியே தெரியும் என்றார். முன்கூட்டியே சொல்ல முடியாதாம். திரும்பி வரலாம், எவ்வளவு வரும் என்று தெரியாது, காத்திருங்கள் என்றார்.

அந்த வருஷம் முழுக்கப் பில்ரே இரண்டு குழந்தை வளர்த்தாள். மிரான் வளர்ந்தாள். யொன்சிம் குறைந்துகொண்டே போனாள். நடை குறுகி, காலைத் தேய்த்துத் தேய்த்து வைத்தாள். பேச்சு நின்றது. பாவாடையை நனைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பில்ரே வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், தலை வாரினாள். நல்ல அண்ணி என்று தெரு பாராட்டியது. பெற்ற மகளைக்கூட இப்படிப் பார்க்க மாட்டார்கள் என்றாள் யொங்சிக் அம்மா. கிம்ச்சித் தாழியின் முன்னால் தான் சொன்னதை அவள் மறந்துவிட்டாளா, நினைவிருந்தும் பேசாமல் இருக்கிறாளா என்று பில்ரேக்குத் தெரியவில்லை. பாராட்டு வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு வேலை தேடினாள்.

கிசொப் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளைத் தின்றது. சாப்பிடும்போது சொல்லுவான் என்று பார்த்தாள். குடித்துவிட்டு வந்தாலாவது சொல்லுவான் என்று பார்த்தாள். அவன் குடித்தாலும் பேசாதவன். அலமாரியை விற்றுவிடலாம் என்று ஒரு நாள் அவளே ஆரம்பித்தாள். கிசொப் தங்கையின் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமல், அது என்ன செய்தது, இருக்கட்டும் என்றான்.

அவளுக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"நான்தான விடச் சொன்னேன். ஒரு தடவ வாயத் திறந்து சொல்லிடுங்களேன்."

கிசொப் அடுத்த விரலை எடுத்தான். யொன்சிம் தன் காலை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லலன்னாலும் அன்னிக்கு நான் நகத்தியிருக்க மாட்டேன். எனக்கு இடுப்பு வலி. எப்படா யாராவது வேணாம்னு சொல்லுவாங்கன்னு இருந்தேன்."

அவன் நகத்துண்டுகளைக் கையில் திரட்டிக்கொண்டு வெளியே போனான். பில்ரே இத்தனை நாள் எதற்காகக் காத்திருந்தாளோ அது நடந்து முடிந்துவிட்டது. பாரம் இறங்கவில்லை. இதுவரை அவள் ஒருத்தி சுமந்ததை இப்போது இரண்டு பேரும் சுமப்பது தெரிந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வசந்தத்தில் யொன்சிம் பாத்திரத்தைத் தானே பிடித்துச் சாப்பிட்டாள். பிறகு நடை சீரானது. பேச்சும் வந்தது, ஒவ்வொரு சொல்லாக, படியில் இறங்குகிறவள் மாதிரி. மிரானுடன் சேர்ந்து அவளுடைய முதல் வகுப்புப் புத்தகத்தை வாசித்தாள். கோடைக்குள் சந்தைக்குப் போய்ச் சொன்ன சாமானை வாங்கிவரத் தெரிந்துகொண்டாள். டாக்டர் மகிழ்ந்துபோனார். இவ்வளவு திரும்பியதே பெரிது என்றார். கிசொப் அன்றைக்கு இறைச்சி வாங்கிவந்தான்.

ஆனால் வந்தவள் வேறு ஆள். முட்டைக்கோஸ் நறுக்கு என்றால் சரி அண்ணி. படுத்துக்கொள் என்றால் சரி அண்ணி. குழம்பு உப்பா என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்பாள். உப்பே போடாமல் வைத்துக்கூடப் பில்ரே பார்த்தாள். யொன்சிம் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, நன்றாக இருந்தது என்றாள். தெருவில் எல்லாரும், என்ன அடக்கமான பெண், முன்னைவிட இப்போதுதான் நன்றாக இருக்கிறாள் என்றார்கள். பில்ரே வேண்டுமென்றே சீண்டுவாள். உன் சடை குதிரை வால் மாதிரி இருக்கிறது என்பாள். உங்கள் ஊர்க்காரர்கள் கஞ்சர்கள் என்பாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வெடுக், எங்கிருந்தாவது வருமா என்று அவள் முகத்தையே பார்ப்பாள். யொன்சிம் மெல்லச் சிரித்து, ஆமாம் அண்ணி என்பாள். பில்ரே சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டுவாள்.

பெக் சாங்தொக் தெருவுக்கு டோஃபு, சோயாப் பாலில் செய்த கட்டி, கொண்டுவருகிறவன். மணியடித்துக்கொண்டு வருவான். மனைவியை இழந்தவன், குழந்தை இல்லை. டோஃபு வாங்க யொன்சிம்தான் கிண்ணத்தோடு போவாள். அவன் அவளுக்கு மட்டும் சூடாக இருக்கிற அடித்துண்டை வெட்டித் தருகிறான் என்று முதலில் கவனித்தது யொங்சிக் அம்மா. அப்புறம் ஒரு நாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கிசொப்பின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

கிசொப்புக்கும் சேர்த்துப் பில்ரேதான் பேசினாள். எதையும் மறைக்கவில்லை. கேஸ் அடித்தது, எப்படி இருந்தாள், எப்படி ஆனாள், மாதத்தில் ஒரு நாள் இரண்டு நாள் இன்னும் எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள் என்பதுவரை சொன்னாள். முன்னால் அவள் எப்படிப்பட்டவள் தெரியுமா என்று தொடங்கினாள். சாங்தொக் பணிவாகக் கேட்டுக்கொண்டான்.

"நீங்க சொல்ற அவங்கள எனக்குத் தெரியாதுங்க. எனக்கு இவங்களத்தான் தெரியும்."

நல்ல பதில்தான். பில்ரேக்கு ஏனோ கோபம் வந்தது. அன்று பூராவும் அந்தக் கோபம் யார்மேல் என்று அவளுக்கே விளங்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவளும் கிசொப்பும் டோஃபுக் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குப் போனார்கள். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கிற சாக்கு. கிசொப் கையோடு சிமெண்டும் கரண்டியும் கொண்டுபோனான். இரண்டு பேருமாக எல்லா மூலையையும் தடவிப் பார்த்தார்கள். அடைக்க ஒன்றுமே இல்லை. சாங்தொக் ஏற்கெனவே எல்லாவற்றையும் பூசியிருந்தான். கொண்டுபோன சிமெண்டைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வழியில் கிசொப், நல்ல ஆள் என்றான். பில்ரே ஆமாம் என்றாள். யொன்சிம் சரி அண்ணி என்று சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டாள்.

அவள் போனபிறகு வீடு அமைதியாக இருந்தது. அதற்கு முன்னாலும் அமைதியாகத்தான் இருந்தது.

வருஷங்கள் போயின. துளைக்கரி போய், தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் வந்தது. யொன்சிமுக்கு ஒரு மகள் பிறந்தாள், பொராம். டோஃபுக் கடை நன்றாக ஓடியது. சாங்தொக் மனைவியைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. அறுவடைப் பண்டிகைக்கு முதல் நாள் எல்லாரும் கிசொப் வீட்டில் கூடுவார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அரிசிமாவைக் கிள்ளி, எள் பூரணம் வைத்து, பிறை மாதிரி கொழுக்கட்டை பிடிப்பார்கள்.

அப்படி ஒரு பண்டிகையில் பொராம் பள்ளிக்கூடத்துச் சண்டை ஒன்றைச் சொன்னாள். வகுப்பில் ஒருத்தி ஏதோ கேலி செய்தாளாம், இவளுக்குப் பதில் சொல்ல வரவில்லையாம், வீட்டுக்கு வந்தபிறகுதான் பதில் தோன்றியதாம். பில்ரே மாவு ஒட்டிய கையோடு அவளைப் பார்த்தாள்.

"உங்கம்மா மாதிரி இல்லாம போயிட்டியே. உங்கம்மா கிட்ட எவளாவது அப்படிப் பேசியிருந்தா அழுதுட்டே வீட்டுக்கு ஓடியிருப்பா. இந்த ஊரே அவ நாக்குக்குப் பயப்படும்."

பொராம் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். யொன்சிம் ஒரு கொழுக்கட்டையின் விளிம்பைப் பொறுமையாக, ஒரே இடத்தில் மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தாள். பொராமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்கம்மாவா? அத்தை, நீங்க வேற யாரையோ நெனச்சுட்டுச் சொல்றீங்க."

மிரானும் சிரித்தாள். அவளுக்கும் பழையது நினைவில்லை. யொன்சிம்கூடச் சிரித்தாள், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிய கதையைக் கேட்கிற மாதிரி. பிறகு கையை நிறுத்திப் பில்ரேயைப் பார்த்தாள். சொல் வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எல்லாரும் பழக்கம்போலக் காத்திருந்தார்கள்.

"அப்படியா இருந்தேன், அண்ணி? உங்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்."

"இல்ல" என்றாள் பில்ரே. "கஷ்டமா இல்ல."

யொன்சிம் தலையாட்டிவிட்டு அடுத்த உருண்டையை எடுத்தாள். அடுப்பில் ஆவிப்பானை கொதித்து மூடி ஆடியது. பில்ரே எழுந்துபோய் முதல் ஈட்டை இறக்கினாள். ஆவி முகத்தில் அடித்தது. வாசனைக்காக அடியில் பரப்பி, கொழுக்கட்டைகளில் ஒட்டியிருந்த பைன் இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டு, இவர்கள் பக்கம் திரும்பாமல் வெகுநேரம் அங்கேயே நின்றாள்.